பனிக்காலக் கொட்டிலில் கினிக்கோழியும் முட்டைக்கோழியும்

டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் சூரியன் காலை ஏழரை மணிவாக்கில் தலைகாட்டி, மாலை நாலேகாலுக்கெல்லாம் இறங்கிவிடும். பகல் என்று சொல்ல 9 மணி நேரம்கூடத் தேறாது. அந்த வட்டாரத்தில் வீட்டுப் பாட்டுக்குக் கோழி வளர்ப்பவர்கள் அக்டோபரிலேயே அதன் விளைவைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். கோடை முழுக்க ஒழுங்காக முட்டையிட்ட பெட்டைகள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும். முட்டைக் கூடை நிறையாது. தீவன மூட்டையோ முன்னைவிடச் சீக்கிரம் தீரும். அதே வீட்டில் கினிக்கோழியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முற்றம் வெள்ளையாக மூடிக் கிடப்பதைக் கண்டு வெளியே வர மறுத்து, கொட்டிலுக்குள் நின்றபடியே விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு பறவைகளுக்குமே வெர்மான்ட் பூர்வீகமல்ல. வளர்ப்புக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. அதை மனிதர் வளர்த்ததற்கு இதுவரை கிடைத்த உறுதியான பழைய சான்று தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற தொல்லியல் களத்து எலும்புகள். கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை அவை என்று 2022இல் வெளியான ஆய்வு கணித்தது. கினிக்கோழி ஆப்பிரிக்கக்காரன். சகாராவுக்குத் தெற்கே, மரங்கள் அங்கங்கே நிற்கும் புல்வெளிகளில் கூட்டமாகத் திரிந்து, விதையும் பூச்சியும் பொறுக்கி, இரவில் மரத்தில் அடைவது அதன் வாழ்க்கை. ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி சாதாரணமாக வந்துபோகும் ஓர் ஊரில் இந்த இரண்டையும் ஒரே மரக்கொட்டிலில் போட்டுப் பூட்டினால் என்ன ஆகும் என்பதே விஷயம்.

புதிதாக வளர்ப்பவர்கள் முதலில் பயப்படுவது குளிருக்கு. பழகியவர்களைக் கேட்டால் வேறு மூன்றைச் சொல்வார்கள்: ஈரம், இருட்டு, அடைபட்டுக் கிடப்பது. குளிரைச் சமாளிக்கும் ஏற்பாடு பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. மற்ற மூன்றும் கொட்டிலைக் கட்டியவர் கையில் இருக்கின்றன.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. இறகைச் சிலிர்த்துக்கொண்டால் அடியிறகுகளுக்கு நடுவே காற்று சிக்கி நிற்கும். அந்தக் காற்றுதான் உண்மையான கம்பளி. அடையும் நேரத்தில் தலையை இறக்கைக்குள் செருகிக்கொள்ளும். கால்களின் மேல் வயிற்றை இறக்கி உட்காரும். அதனால்தான் வட அமெரிக்க வளர்ப்பாளர்கள் அடையும் கட்டையை உருண்டையாக வைக்காமல், பட்டைச் சட்டமாக அகலப்பக்கம் மேலே இருக்கும்படி பொருத்துகிறார்கள். விரல்கள் மடங்கிக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் நுனி உறைந்துபோகும். தட்டையாக விரிந்திருந்தால் வயிற்று இறகு முழுவதையும் மூடிவிடும்.

இறகில்லாத காலுக்கென்று தனி ஏற்பாடு உண்டு. உடம்பிலிருந்து இறங்கும் சூடான தமனி இரத்தமும், பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த சிரை இரத்தமும் அடுத்தடுத்த குழாய்களில் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டே பாதத்தை அடைகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பு. மிச்சச் சூடு உடம்புக்கே திரும்பிவிடும். பனியில் ஒற்றைக்காலில் நிற்கும் கோழி, கால்கள் வழியே இழக்கும் சூட்டில் இன்னும் பாதியை மிச்சம் பிடிக்கிறது.

அந்தக் கால்களைப் பற்றி இங்கே ஓர் இடைச்செருகல். ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக், லெகார்ன் என்று அமெரிக்கக் கொல்லைகளில் அதிகம் காணப்படும் இனங்களுக்குக் கால் மஞ்சள். சிவப்புக் காட்டுக்கோழிக்கு அந்த நிறம் கிடையாது. 2008இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் மரபணுவைத் தேடிப்போனபோது, மஞ்சள் தோலுக்கான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் விடியலில் கூவும் அதே பறவை. எந்தக் காலத்திலோ இங்கே நடந்த கலப்பின் தடயம் வெர்மான்ட் பனியில் நடந்துகொண்டிருக்கிறது. அந்த மஞ்சளுக்கு வளர்ப்பாளர் ஒரு பயனும் கண்டிருக்கிறார். தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடுவதால் கால் வெளுக்கும். முட்டை நின்றால் சில வாரங்களில் மஞ்சள் திரும்பும். குளிர்காலத்தில் எந்தக் கோழி ஓய்வெடுக்கிறது, எது இன்னும் இடுகிறது என்று காலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உறைபனியில் உண்மையாகவே அடிபடுவது கொண்டை. லெகார்ன் சேவலின் நெடிய ஒற்றைக்கொண்டையின் நுனிகள் முதலில் வெளிறி, பிறகு கறுத்து, கடைசியில் உதிர்ந்துவிடும். அலகுக்குக் கீழே தொங்கும் தாடிக்கும் இதே கதி. தண்ணீர் குடிக்கும்போது நனைந்தால் இன்னும் சீக்கிரம். கனடாவின் கியூபெக்கில், ஓகா மடத்தைச் சேர்ந்த வில்ஃப்ரிட் ஷாத்லேன் என்ற துறவி இதற்குத் தீர்வாக ஒரு புது இனத்தையே உருவாக்கினார். 1908 வாக்கில் வேலையைத் தொடங்கி, கருங்கார்னிஷ், வெள்ளை லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வெள்ளை வயன்டாட், வெள்ளை பிளிமத் ராக் என்று ஐந்து இனங்களைக் கலந்தார். பத்தாண்டு கழித்து 1918இல் ஷான்டெக்ளேர் என்ற பெயரில் வெளியுலகுக்குக் காட்டினார். தலையோடு ஒட்டிய சின்னஞ்சிறு கொண்டை, இருக்கிறதா என்று தேட வேண்டிய தாடி. பனிக்காலத்திலும் முட்டையிட வேண்டும், இறைச்சிக்கும் ஆக வேண்டும் என்பதே அவர் வைத்த நிபந்தனை. 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தன் தரநூலில் சேர்த்தது. ஓஹாயோவின் நெட்டி மெட்காஃப் என்ற பெண்மணி 1896இல் தொடங்கி உருவாக்கிய பக்ஐ இனத்துக்கும் இதே போலக் குட்டைக்கொண்டைதான்.

கொண்டையின் வடிவம் சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முதன்முதலில் காட்டப்பட்டது இதை வைத்துத்தான். 1902இல் வில்லியம் பேட்சன் ரோஜாக்கொண்டை, பட்டாணிக்கொண்டைக் கோழிகளைக் கலந்து அதை நிறுவினார். ஒரு நூற்றாண்டு கடந்து அந்த மரபணுக்களே பிடிபட்டன. பட்டாணிக்கொண்டைக்குக் காரணம் எஸ்ஓஎக்ஸ்-5 என்ற மரபணுவுக்குள் ஒரு துண்டு திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டது என்று 2009இல் தெரிந்தது. ரோஜாக்கொண்டையில் ஒரு குரோமோசோமின் பெரும் துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்பது 2012இல் வெளிப்பட்டது. அந்தத் திருப்பம் இன்னொரு மரபணுவையும் உடைத்துவிடுகிறது. அதனால் இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்ற சேவல்களின் விந்தணுவுக்கு ஓட்டம் குறைவு. பனிக்குத் தாங்கும் கொண்டை இலவசமாகக் கிடைக்கவில்லை. தங்கள் ரோஜாக்கொண்டைச் சேவல்களிடம் கரு கூடுவது குறைவு என்று வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததற்கு இப்போது விளக்கம் இருக்கிறது.

குட்டைக்கொண்டை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. ஏனென்றால் கொண்டையை உறைய வைப்பதில் குளிருக்குப் பாதிப் பங்குதான், மறுபாதி ஈரத்துக்கு. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலையில் 5 கிராமுக்கும் குறைவு. மைனஸ் 10இல் 2 கிராம் சொச்சம், அவ்வளவே. கோழிகளோ மூச்சிலும் எச்சத்திலும் விடாமல் நீரை வெளியேற்றுகின்றன. இறுக மூடிய கொட்டிலில் அந்த நீராவிக்குப் போக்கிடம் இல்லை. கண்ணாடியில் வேர்த்து, கூரையின் ஆணிகளில் வெண்பனியாகப் படிந்து, கடைசியில் கொண்டையிலும் படியும். அன்போடு எல்லா இடுக்கையும் அடைத்து வைத்தவரின் கோழிகளுக்குத்தான் கொண்டை கறுக்கிறது.

அதே ஈரம் அம்மோனியாவையும் கிளப்பும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரம் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கைத் தாண்டினால் கோழிகளின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிழைகள் செயலிழக்கத் தொடங்கும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. மண்டியிட்டு, கோழியின் தலை மட்டத்தில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை.

டாக்டர் பிரின்ஸ் வுட்ஸ் என்ற அமெரிக்கர் 1924இலேயே திறந்தவெளிக் காற்றுக் கொட்டில்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். தெற்கு முகம் முழுக்கக் கம்பிவலை, மற்ற மூன்று பக்கமும் அடைப்பு, கோழிகள் அடைவது ஆழத்தில் பின்சுவரை ஒட்டி. காற்று முன்னால் மாறிக்கொண்டிருக்கும், பின்னால் அசையாது. பனிப்பிரதேசத்தில் ஒரு சுவரே இல்லாத கொட்டிலா என்று இன்றைக்கும் பலர் நம்ப மறுப்பார்கள். கணக்கு எளிது: உலர்ந்த குளிரில் இறகு வேலை செய்யும், நனைந்த இறகு வேலை செய்யாது. தலைக்கு மேலே காற்றுப் போக வழி, அடையும் இடத்தில் வீச்சுக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தால் மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

தரையில் ஆழ்கூளம் போடுவது அங்கேயும் உண்டு. மரச்சீவலை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, குளிர்காலம் முழுக்க அள்ளாமல் மேலே மேலே புதுசு போட்டுக் கிளறிவிடுவார்கள். அடியில் மெதுவாக மக்கும். வசந்தத்தில் நேரே தோட்டத்துக்குப் போகும்.

சூடேற்றும் விளக்கைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ந்த மரச்சீவல், தூசி, பறந்து இடிக்கும் பறவைகள் நடுவில் ஒரு சங்கிலியில் தொங்கும் 250 வாட் விளக்கு என்பது தீ வைப்பதற்கான ஏற்பாடு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அமெரிக்கத் தீயணைப்புத் துறைகள் கொட்டில் தீயைப் பற்றி எச்சரிப்பது இதனால்தான். தீ பிடிக்காவிட்டாலும் இன்னொரு ஆபத்து உண்டு. கதகதப்புக்குப் பழகிய கோழிக்கு அடியிறகு அடர்த்தியாக வளராது. பனிப்புயலில் மின்சாரம் போகும் இரவு, விளக்கு இல்லாமல் வளர்ந்த கோழிகள் தாங்கும்; விளக்கடியில் வளர்ந்தவை விறைத்துவிடும். முழு வளர்ச்சி பெற்ற ஒரு கோழியே சுமார் 10 வாட் சூட்டை விடுகிறது. கட்டையில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்த இருபது கோழிகள் ஒரு சிறு அடுப்புக்குச் சமம்.

மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் தண்ணீர்த்தொட்டி. முட்டையில் முக்கால் பங்கு நீர். கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு குடிக்கும். தண்ணீர் உறைந்து சில மணி நேரம் கிடைக்காவிட்டால் தீவனமும் இறங்காது, மறுநாள் முட்டையும் இருக்காது. அடியில் சூடேற்றும் தட்டு வைத்த தொட்டி இப்போது எல்லாப் பண்ணைக் கடைகளிலும் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் காலையும் மதியமும் வாளி சுமக்கிறார்கள். மாலையில் அடைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி மக்காச்சோளம் போடுவதும் வழக்கம். தீனிப்பையில் நிறைந்த தானியம் இரவு முழுக்க மெல்லச் செரித்துச் சூடு தந்துகொண்டிருக்கும். இட்ட முட்டையை உடனே எடுக்காவிட்டால் அதுவும் உறைந்து, உள்ளே விரிந்து, ஓடு நெடுக்க வெடித்துவிடும்.

இனி இருட்டு. குளிர்காலத்தில் கோழி முட்டையை நிறுத்துவதற்குக் குளிரைக் குறை சொல்வதே பொதுவழக்கம். உண்மையில் நிறுத்துவது பகலின் நீளம். இதைக் கோழி கண்ணால் மட்டும் அறிவதில்லை என்பதுதான் ஆச்சரியம். 1930களில் ஜாக் பெனுவா என்ற பிரெஞ்சு அறிவியலாளர், பார்வையற்ற வாத்துகளிலும் வெளிச்சத்தால் இனப்பெருக்க உறுப்புகள் வளர்வதைக் கண்டார். பிறகு மெல்லிய குவார்ட்ஸ் கம்பியால் வெளிச்சத்தை நேரே மூளையின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோனபோதும் அதே விளைவு. பறவைகளின் மூளைக்குள்ளேயே வெளிச்சத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. இறகு, தோல், மண்டையோடு எல்லாவற்றையும் ஊடுருவி வரும் மங்கிய ஒளி, குறிப்பாகச் சிவப்பு, அவற்றுக்குப் போதும்.

அந்தச் செல்கள் வெளிச்சத்தின் அளவைவிட அது வரும் நேரத்தைக் கணக்கிடுகின்றன. ஜப்பானிய நகோயா பல்கலைக்கழகத்தின் தகாஷி யோஷிமுரா குழு 2008இல் இதைக் காடைகளில் துல்லியமாகப் பார்த்தது. குறும்பகலில் வைத்திருந்த காடையை ஒரே ஒரு நாள் நெடும்பகலுக்கு மாற்றினார்கள். விடிந்து ஏறத்தாழ 14 மணி நேரம் கழித்து, பிட்யூட்டரி சுரப்பியின் ஓரப் பகுதியில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கான மரபணு விழித்துக்கொண்டது. அங்கிருந்து செய்தி மூளையின் அடித்தளத்துக்குப் போய், இனப்பெருக்க ஹார்மோன்களின் வரிசை தொடங்குகிறது. கோழி வளர்ப்பாளர்கள் பல தலைமுறையாக முட்டைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்று சொல்லிவருகிற கணக்கோடு இது பொருந்திப்போகிறது. குறுகிய பகல் ஒரு சிக்கலே இல்லாத நாமக்கல்லில்கூட, அங்கே ஆண்டின் மிகச்சிறிய பகலே பதினொன்றரை மணி நேரம், முட்டைப் பண்ணைகள் விளக்குப் போட்டு 16 மணி நேரம் ஆக்குகின்றன.

ஆகவே வெர்மான்ட்காரரிடம் ஒரு சின்ன விளக்கும் நேரமானியும் இருந்தால் டிசம்பரிலும் முட்டை கிடைக்கும். கோழியின் உயரத்தில் செய்தித்தாள் படிக்க முடிகிற வெளிச்சம் போதும். விளக்கைக் காலையில் சேர்க்க வேண்டும், மாலையில் அல்ல. இரவு எட்டு மணிக்கு விளக்குப் பட்டென்று அணைந்தால் தரையில் நிற்கும் கோழி கட்டை எங்கே என்று தெரியாமல் அங்கேயே இரவைக் கழிக்கும். விடியலுக்கு முன் விளக்கு எரிந்தால் மாலை இருட்டு இயல்பாக வந்து, எல்லாம் நேரத்துக்கு ஏறி அடைந்துவிடும்.

இப்படி விளக்குப் போடலாமா கூடாதா என்பது அங்கே தீராத வழக்கு. கோழியின் சினைப்பையில் உள்ள முட்டைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது எதிர்ப்பவர்களின் வாதங்களில் ஒன்று. அது செல்லாது. பெட்டைக்குப் பிறவியிலேயே கிடைத்த கருமுட்டைகள் பல ஆயிரம். ஆயுள் முழுக்க இட்டாலும் ஒரு சிறு பங்குதான் செலவாகும். இறகு உதிர்ப்பு என்பது மட்டும் கனமான வாதம். இலையுதிர்காலத்தில் பழைய இறகை உதிர்த்துப் புதியது முளைக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். இறகு பெரும்பாலும் புரதம். ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் சுண்ணாம்புச் சத்தும் இருபது மணி நேர உழைப்பும் கேட்கிற முட்டையை ஒருபக்கம் இட்டுக்கொண்டு, மறுபக்கம் உடம்பு முழுக்கக் கம்பளி நெய்வது கடினம். இறகு முழுதாக முளைத்து முடிந்த பிறகு விளக்கைப் போடுவதே நடுவழி. முதலாண்டுப் பெட்டைகள் பெரும்பாலும் விளக்கில்லாமலே முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிடும் என்பதால், சிலர் ஆண்டுதோறும் நாலைந்து இளங்கோழிகளைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கினிக்கோழியிடம் குளிர்கால முட்டையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இலையுதிர்காலத்தில் முட்டையை நிறுத்தினால் வசந்தத்துக்குத்தான் மறுபடி. இறைச்சிக்காக வளர்ப்பவர்களும் அந்த ஊரில் சிலரே. பிறகு எதற்காக இந்தக் கூச்சலை ஒருவர் விலைகொடுத்து வாங்குகிறார்? பெரும்பாலும் உண்ணிக்காக.

1975இல் கனெடிகட்டின் லைம் என்ற ஊரில் குழந்தைகளிடையே காணப்பட்ட மூட்டுவலியிலிருந்து லைம் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பாக்டீரியாவை மானுண்ணியில் வில்லி பர்க்டார்ஃபர் கண்ட ஆய்வு 1982இல் வெளியானது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் அது மிகுதி. கினிக்கோழிகள் புல்வெளியில் உண்ணியைப் பொறுக்கித் தின்னும் என்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடத்திய சோதனை 1992இல் ஒரு பறவையியல் இதழில் வந்தது. டேவிட் டஃபியுடன் அதை எழுதியவர்களில் ஒருவர் கிறிஸ்டி பிரிங்க்லி. ஆம், புகழ்பெற்ற விளம்பர அழகிதான். கினிக்கோழி திரிந்த புல்தரையில் முதிர்ந்த உண்ணிகள் குறைவாக இருந்தன. அதற்குப் பிறகு கினிக்கோழி விற்பனைக்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

பின்னர் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ஆய்வுகள் கொஞ்சம் தண்ணீர் தெளித்தன. முதிர்ந்த உண்ணிதான் குறைந்தது. இளம் உண்ணி அவ்வளவாகக் குறையவில்லை. மனிதருக்கு நோயை அதிகம் ஏற்றுவதோ கசகசா அளவே உள்ள அந்த இளம் உண்ணிதான். போதாததற்கு முதிர்ந்த மானுண்ணி குளிர்காலத்திலும் பனி உருகும் நாள்களில் சுறுசுறுப்பாக இருக்கும். அதே நாள்களில் கினிக்கோழி கொட்டிலுக்குள் கத்திக்கொண்டிருக்கும். உண்ணிக்காக மட்டும் வாங்குகிறவர் இதை யோசிக்க வேண்டும். நரி, பருந்து, அந்நியர், அஞ்சல்காரர் யார் வந்தாலும் அறிவிக்கும் காவல் என்று வாங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை.

அந்தச் சத்தத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆண் ஒற்றை அசையைத் தட்டச்சு வேகத்தில் தொடுத்துக்கொண்டே போகும். பெட்டையின் அழைப்பு இரண்டு அசை, இரண்டாவது மேலே ஏறும். அமெரிக்கர்கள் காதுக்கு அது ‘பக்-வீட்’. பெட்டையால் ஆணின் குரலையும் எழுப்ப முடியும். ஆணால் பெட்டையின் குரல் முடியாது. இறகிலும் உருவிலும் வேறுபாடு காண்பது கஷ்டமான இந்தப் பறவையில் பாலினம் அறிய நம்பகமான வழி இதுவே. பழைய கிரேக்கக் கதையில் மெலியாகரின் சகோதரிகள் அவன் சாவுக்கு ஓயாமல் அழுததால் இந்தப் பறவைகளாக மாற்றப்பட்டார்கள். உடம்பின் வெண்புள்ளிகள் அவர்களின் கண்ணீர். கதை கட்டியவர் கினிக்கோழி வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கத்துவதற்குக் காரணம் கூட்டம். புல்லுயர்ந்த நிலத்தில் ஒன்றையொன்று காணாமல் மேயும்போது குரல்தான் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறது. இதன் நெருங்கிய உறவான கழுகுக் கினிக்கோழியைக் கென்யாவின் ம்பாலாவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது: நிலையான சிறு கூட்டங்கள், அந்தக் கூட்டங்கள் தங்களுக்குப் பிடித்த மற்றக் கூட்டங்களோடு சேர்ந்து இரவு தங்குவது என்று அடுக்கடுக்கான சமூகம் அவற்றுக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட இயல்புள்ள பறவையில் ஒன்று கொட்டிலுக்கு வெளியே மாட்டிக்கொண்டால், உள்ளேயிருப்பவை எல்லாம் அது வரும்வரை அழைத்துக்கொண்டே இருக்கும். தனியாக ஒன்றை வளர்ப்பவருக்குத்தான் சத்தம் மிக அதிகம்.

பனிக்காலத்தில் அந்தச் சத்தம் அண்டைவீட்டாருக்குக் கூடுதலாகவே போய்ச் சேரும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். ஒலி வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். கோடைப் பகலில் தரையருகே காற்று சூடாகவும் மேலே குளிராகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். மேகமில்லாத குளிர்கால விடியலில் நிலைமை தலைகீழ். தரையை ஒட்டிக் கடுங்குளிர், மேலே ஒப்பளவில் வெதுவெதுப்பு. ஒலி கீழ்நோக்கி வளைந்து பள்ளத்தாக்கு நெடுக ஓடும். இலையுதிர்ந்த மரங்களும் தடுப்பதில்லை. புதிதாக விழுந்த பொதபொதப்பான பனி ஒலியை நன்றாக உறிஞ்சும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அது உருகி மறுபடி உறைந்து ஓடுகட்டிவிட்டால் ஒலியைத் திருப்பியடிக்கும். பல அமெரிக்க நகரங்கள் சில பெட்டைக்கோழிகளை அனுமதித்துச் சேவலுக்குத் தடை போடுகின்றன. கினிக்கோழிக்கும் தடை போட்ட ஊர்களின் ஆட்சிக்குழுவில் யாரோ ஒருவர் இதைக் காதால் அனுபவித்திருப்பார்.

பனியை அது வெறுப்பது வெறும் பிடிவாதமல்ல. தரை எங்கே என்று புரியாமல் பறந்து போய்ப் புதைபனியில் இறங்கிவிட்டால் சில கினிக்கோழிகள் அங்கேயே உட்கார்ந்துவிடும். போய்த் தூக்கிவர வேண்டும். பழகிய வளர்ப்பாளர் பனியை வாரித் தள்ளி, மேலே வைக்கோல் தூவிக் கறுப்பாக ஒரு பாதை போட்டுத் தருகிறார். அதன்மேல் தயங்காமல் நடக்கின்றன. இரவோ இன்னும் சிக்கல். அவற்றின் மனசு மரத்தில். வளர்ந்த கினிக்கோழி மரத்தில் அடைந்தே அந்தப் பகுதிக் குளிரைப் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் இலையற்ற கிளையில் நிலவொளியில் தெரியும் அந்தக் கரிய உருவத்தைக் கொம்பன் ஆந்தை விட்டுவைக்காது. உறைமழை பெய்தால் இறகில் பனி கட்டிக் காலையில் பறக்கவும் முடியாது. இறகற்ற தலையும் தொங்கும் தாடியும் வேறு உறைபனிக்கு இரை. கொட்டிலுக்குள் இருட்டாக இருந்தால் உள்ளே வர மறுப்பதால், அந்திநேரத்தில் ஒரு சிறு விளக்கை உள்ளே எரியவிட்டு, வெள்ளைத் தினையைத் தூவிக் கூப்பிடுவார்கள். அந்தச் சிறுதானியத்துக்கு மட்டும் கினிக்கோழி எதையும் செய்யும்.

உள்ளே வந்த பிறகு கோழிகளுக்கு ஆபத்து. கோடையில் ஏக்கர் கணக்கில் ஓடித்திரிந்தபோது வெளியே தெரியாத முரட்டுத்தனம் நாலு சுவருக்குள் வெளிப்படும். கினிச்சேவல்கள் சேர்ந்து துரத்தும். வீட்டுச் சேவலின் வால் இறகைப் பிடித்திழுக்கும். பெட்டைகளைத் தண்ணீர்த்தொட்டி அருகே விடாது. கோழிக்குக் கொட்டிலில் 4 சதுர அடி என்ற வழக்கமான கணக்கு, பகலெல்லாம் வெளியே மேயும் கோழிக்குத்தான் பொருந்தும். மூன்று மாதம் அடைபடும் கூட்டத்துக்கு அது நெருக்கடி. சலிப்பில் ஒன்றையொன்று இறகு கொத்தத் தொடங்கினால் இரத்தம் பார்த்த பிறகு நிற்காது. இரண்டு தொட்டி, இரண்டு தீவனப் பாத்திரம், கினிக்கோழிக்கு உயரத்தில் தனிக் கட்டை என்று பிரித்து வைப்பது பெரும்பாலும் போதும். கினிக்கோழி எப்போதும் உச்சிக்கட்டைக்குத்தான் போகும். கோழிகளுக்கு மறைந்துகொள்ள ஒரு மூலையும், கொத்த ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் தொங்கவிடுவதும் உதவும். அதற்கும் அடங்காவிட்டால் கினிச்சேவல்களைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

இந்த அடைப்புக்கு 2022 முதல் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது: பறவைக்காய்ச்சல். வலசை வரும் வாத்துகளும் கூஸ்களும் கிருமியைச் சுமப்பதால், உறையாத குளத்தோரம் மேய விடுவது ஆபத்து. பண்ணைகளில் கோடிக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை அமெரிக்காவில் 6.23 டாலரைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்துத்தான் பலர் முதன்முறையாகக் கொல்லையில் வளர்க்கக் கோழிகளை வாங்கினார்கள். அவர்களுக்கு டிசம்பரில் முட்டை நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச்சில் பகல் 12 மணி நேரத்தை நெருங்கும்போது விளக்கில்லாத கொட்டில்களிலும் முட்டை திரும்பும். கினிக்கோழிகள் இணைசேர்ந்து புதர்களில் ரகசியமாகக் கூடு வைக்கும். அடுத்த குளிர்காலத்துக்கான வேலையை அப்போதே தொடங்குகிறவர்கள், கினிமுட்டைகளைக் கண்டெடுத்து அடைக்கோழி ஒன்றின் அடியில் வைக்கிறார்கள். கினிக்கோழி தாயாக மோசம். பனித்துளி சொட்டும் புல்லில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு போய்ப் பாதியை இழந்துவிடும். கோழி வளர்த்த கினிக்குஞ்சோ அதன் பின்னாலேயே மாலையில் கொட்டிலுக்குள் வரப் பழகும், வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் தங்கும். கோழிமுட்டை 21 நாளில் பொரியும், கினிமுட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் தன் குஞ்சு வந்ததும் அடைக்கோழி எழுந்துவிடும் என்பதால், அடியில் கினிமுட்டை மட்டுமே வைக்கிறார்கள்.